சக்கரத்துக்கு நடு எது? மாட்டுவண்டிக் குடம் முதல் அலாய் வீல் வளையம் வரை

திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த நம்மாட்களில் பலருக்கு முதல் கார் செகண்ட் ஹேண்ட்தான். டெக்னோபார்க்கில் கூட வேலை பார்க்கிறவர் வெளிநாடு கிளம்பும்போது விட்டுப்போகும் வண்டி, அல்லது கரமனைப் பக்கம் யாரோ சொல்லி வந்த வண்டி. எனக்கும் அப்படித்தான் ஒன்று அமைந்தது. முந்தின சொந்தக்காரர் ஆசைப்பட்டு அதில் 14 இன்ச் அலாய் வீல் மாட்டியிருந்தார். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் கையில் நடுங்கும். 90ல் டாஷ்போர்டில் வைத்த பிள்ளையாரே ஆடுவார் :-)

வீல் பாலன்சிங் செய்த கடையில் (பெயர் வேண்டாம்) மூன்று தடவை மெஷினில் ஏற்றி இறக்கினார்கள். மூன்று தடவையும் திரையில் சைபர். "பாலன்ஸ் ஓக்கே ஆணு சாரே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மெஷின் பொய் சொல்லவில்லை, வண்டியும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? இதைத் தேடப் போய் மாட்டுவண்டிக் காலம் வரைக்கும் போக வேண்டியதாகிவிட்டது. இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், காபியோடு உட்காருங்கள்.

முதலில் கேள்வியைச் சரியாகக் கேட்போம். ஒரு சக்கரம் அச்சில் உட்காரும்போது, அதன் நடுவும் அச்சின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை ஒன்றாக வைப்பது எது? நடுவில் இருக்கிற துளையா, சுற்றி இருக்கிற நட்டுகளா? இந்த ஒரு கேள்விக்குக் கடந்த நூற்று சொச்சம் ஆண்டுகளில் மனிதர்கள் மாற்றி மாற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். என் ஸ்டியரிங் நடுங்கியதற்குக் காரணம் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

குடம்தான் நடு

எனக்குத் திருவாரூர்ப் பக்கம். மாட்டுவண்டிச் சக்கரம் செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேலை நடுவிலிருந்துதான் தொடங்கும். முதலில் குடம். அதில் ஆரக்கால்கள் அடித்து இறக்குவார்கள். ஆரக்கால்களின் வெளிமுனையில் வட்டைகள். எல்லாம் சேர்ந்த பிறகு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மேலே ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை குளிர்ந்து சுருங்கும்போது மொத்தச் சக்கரமும் நடுவை நோக்கி இறுகும். குடத்தின் துளைக்குள் அச்சு போகும். வெளியே சக்கரம் கழன்று விடாமல் கடையாணி.

கவனியுங்கள், கடையாணிக்கு வேலை பிடித்து நிறுத்துவது மட்டும்தான். நடுவைப் பிடிப்பது குடமும் அச்சும். இரண்டு வேலைக்கும் இரண்டு உறுப்புகள். அச்சுக்குத் தகுந்தபடி குடத்தைக் குடைந்தவர், அந்த அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குடைந்தார்.

திருவாரூர் ஆழித்தேரும் அப்படித்தான். 1948க்குப் பிறகு பல வருடம் நின்றுபோயிருந்த தேர் 1970ல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனத்தார் அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தார்கள். பொருள் மரத்திலிருந்து இரும்புக்கு மாறியது, நடுவைப் பிடிக்கும் முறை மாறவில்லை. இன்றைக்கும் நடு என்பது அச்சும் அதன்மேல் உட்காரும் துளையும்தான்.

ஸ்டெப்னி வந்த கதை

கார் வந்தபோதும் தொடக்கத்தில் பலவற்றுக்கு மரச் சக்கரம்தான். ஃபோர்டு 1908ல் டி மாடலைக் கொண்டு வந்தபோது, டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி வேறு மாட்டுகிற வசதி அதில் கிடையாது. சாலையோரத்திலேயே டயரைப் பிடுங்கி, ட்யூபை ஒட்டி, காற்றடித்துக் கிளம்ப வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர்களில் முக்கியமானவர்கள் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள். 1904 வாக்கில், ஆரக்கால் இல்லாத ஒரு வெறும் ரிம்மில் காற்றடித்த டயரை மாட்டி, அதைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே கிளாம்ப் போட்டு இறுக்கும்படி ஒரு ஏற்பாடு செய்தார்கள். அவர்களுடைய பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. ஆமாம், நாம் டிக்கியில் வைத்திருக்கும் ஸ்டெப்னி அதுதான்! இங்கிலாந்தில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. நம்மூரில் லாரிக்காரர் முதல் ஐடிக்காரர் வரை இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்.

என் கணக்கில் வெளிச்சந்தைச் சக்கரம் என்பதற்கே மூத்த அண்ணன் இந்த ஸ்டெப்னிதான். எந்தக் கார் கம்பெனியும் செய்யாமல், வேறொருவர் செய்து, பல கார்களுக்கும் மாட்டும்படி விற்ற சக்கரம். அதற்கென்று குடம் கிடையாது. கிளாம்புகள் எப்படிப் பிடித்தனவோ அதுதான் நடு. அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை தாங்கினால் போதும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே 1908ஐ ஒட்டி இங்கிலாந்தில் ரட்ஜ் விட்வொர்த் கம்பெனியின் ஜான் பியூ முழுச் சக்கரத்தையும் கழற்றி மாட்டும் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தின் நடுப்பகுதி அச்சின் குடத்தின் மேல் பல் பொருந்தி உட்காரும், நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. பழைய மாட்டுவண்டித் தத்துவம்தான்: நடுவைத் துளை பிடிக்கும், நட்டு கழலாமல் காக்கும்.

நட்டு நடுவான காலம்

பிறகு அச்சில் அடித்த இரும்புத் தகட்டுச் சக்கரங்கள் வந்தன. மலிவு, வலு, லட்சக்கணக்கில் செய்யலாம். நடுவில் ஒரு பெரிய நட்டுக்குப் பதிலாக நான்கைந்து சின்ன நட்டுகள். நட்டின் அடிப்பாகம் கூம்பு, சக்கரத்தில் அதற்கேற்ற கூம்புக் குழி. இறுக்க இறுக்க கூம்பு குழிக்குள் இறங்கிச் சக்கரத்தைத் தானே நடுவுக்கு இழுக்கும். அப்படிப்பட்ட சக்கரங்கள் பலவற்றில் நடுத்துளை வெறும் வழிதான். இதுவரை கடையாணி மட்டுமாக இருந்த நட்டு, இப்போது குடத்தின் வேலையையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தது.

சின்ன வண்டியில், நிதானமாக இறுக்கினால் இது நன்றாகவே வேலை செய்யும். பெரிய வண்டியில்தான் சிக்கல். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனரக லாரிகளின் சக்கரம் ஓட்டத்தில் கழன்று ஓடுவது பெரிய தலைவலியானது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லாரிகளில் நடுத்துளையையே குடத்தின் மேல் பொருத்தமாக உட்கார வைத்து, தட்டையான நட்டுகளால் அழுத்தும் முறை பரவியது. கார் கம்பெனிகளும் அந்த வழிக்கே போயின. இன்றைய கார்களின் ஒரிஜினல் சக்கரங்கள் பெரும்பாலும் குடத்தின் மேல் இடைவெளி தெரியாமல் உட்காரும்படி கடைந்தவை. சுற்றிப் போய்க் குடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம்.

திருவனந்தபுரத்துக் கதை

இந்த ஊரில் மோட்டார் வண்டி ஒரு பெரிய விஷயமாக வந்த நாள் 1938 பிப்ரவரி 20. அன்றுதான் திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறையை மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கி வைத்தார். அதை நடத்த லண்டன் போக்குவரத்துக் கழகத்திலிருந்து சால்ட்டர் என்ற அதிகாரியை 1937லேயே வரவழைத்திருந்தார்கள். முதல் பஸ்ஸை அவரே ஓட்ட, மகாராஜாவும் குடும்பத்தாரும் கவடியார் வரை பயணம் செய்தார்கள். அப்போது நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் திருவிதாங்கூருக்குள்தான். அவை தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ல். ஆக, இந்தச் சாலையில் தமிழர்களின் அரசு பஸ் பயணத்துக்குத் தமிழ்நாட்டு எல்லையை விட வயது அதிகம்!

அந்த பஸ்கள் எப்படி வந்தன தெரியுமா? இங்கிலாந்திலிருந்து கோமர் கம்பெனியின் 60 சேஸிஸ், பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினோடு, கப்பலில் வந்தன. உடம்பை மட்டும் சாக்கையில் பட்டறை போட்டு, பெரும்பாலும் உள்ளூர் மரத்தில் கட்டினார்கள். அந்தப் பட்டறை இருந்த இடத்தில்தான் பிற்பாடு அரசு ஐடிஐ வந்தது. மேலே உள்ளூர் ஆசாரிமார் கைவேலை, கீழே ஓடும் பாகம் ஒரே கம்பெனியின் கணக்கு. உடம்பு யார் கட்டினாலும் ஓடும், ஆனால் சக்கரமும் குடமும் ஒரே அளவுகோலில் பிறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அலாய் வீல் செய்த குழப்பம்

அலாய் சக்கரம் புதுசு இல்லை. புகாட்டி 1924ல் தன் 35ஆம் மாடல் பந்தயக் காரில் வார்ப்பு அலுமினியச் சக்கரம் போட்டது. போர்ஷே 911 எஸ் காரில் ஃபுக்ஸ் கம்பெனியின் சக்கரம் 1966ல் வந்தது. அவை எல்லாம் குறிப்பிட்ட காருக்கென்றே செய்தவை.

வெளிச்சந்தைக்காரர் நிலைமை வேறு. 4 நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம் என்ற அமைப்பு பல கார்களுக்குப் பொது. ஆனால் குடத்தின் விட்டம் பொது இல்லை. ஹூண்டாய், மாருதி, டொயோட்டாவின் சின்ன கார்கள் பலவற்றில் 54.1, ஹோண்டாவில் 56.1, ரெனோவில் 60.1 மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வார்த்தால் கட்டுப்படியாகுமா? ஆகவே நடுத்துளையை எல்லாவற்றுக்கும் பெரியதாக, 73.1 என்று கடைந்துவிடுகிறார்கள். மீதி இடைவெளியை அடைக்க ஒரு வளையம் தருவார்கள். அந்த வளையம் கார்காரரிடம் வந்து சேர்ந்தால் சரி. என் வண்டியில் நான்கு சக்கரத்திலும் அது இல்லை.

எல்லோருக்கும் பொருந்தும்படி செய்தது யாருக்கும் முழுசாகப் பொருந்தாது. சக்கரம் செய்தவர் என் குடத்தைப் பார்த்ததே இல்லை.

இப்போது மெஷின் ஏன் சைபர் காட்டியது என்று புரியும். பாலன்சிங் மெஷின் சக்கரத்தின் நடுத்துளையில் கூம்பைச் செருகிப் பிடிக்கிறது. மெஷினைப் பொறுத்தவரை துளைதான் நடு. வண்டியிலோ துளை எதையும் தொடாமல் சுற்றிலும் 9.5 மில்லிமீட்டர் காற்று. அங்கே நட்டுதான் நடு. இரண்டு வேறு நடுக்கள்!

எவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் நடுங்கும்? ஒரு சின்னக் கணக்கு. டயரோடு சேர்த்துச் சக்கரம் 16 கிலோ, அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். ரிம் ஓரத்தில் சுமார் 45 கிராம் ஈயத்தைத் தப்பான இடத்தில் ஒட்டியதற்கு அது சமம். 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 6 கிலோ கனம் ஒரு இழுப்பு இழுக்கும். வேகத்தின் வர்க்கத்தில் இது ஏறுவதால் 40ல் ஒன்றேகால் கிலோகூட இருக்காது. ஊருக்குள் தெரியாமல் பைபாஸில் ஏறியதும் ஆட்டம் தொடங்குவது இதனால்தான்.

வீட்டிலேயே சரி செய்த விதம்

எங்கள் தெருவில் நாகர்கோவில்காரர் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். லேத் பட்டறையிலேயே ஆயுசைக் கழித்தவர். விஷயத்தைச் சொன்னதும் டயல் கேஜைக் காந்தத் தாங்கியோடு எடுத்து வந்துவிட்டார். "மக்ளே, மொதல்ல அளந்து பாரு. அளக்காம எதையும் முறுக்காத" என்றார். நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை வைக்கவே கூடாது.

2. கழற்றுவதற்கு முன் கேஜை ரிம்மின் விளிம்பில் வைத்துச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். முள் 1 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. அதாவது நடு அரை மில்லிமீட்டர் தள்ளி. கேஜ் இல்லாதவர்கள் ஒரு முக்காலியில் பென்சிலைக் கட்டி ரிம்முக்கு மயிரிழை தூரத்தில் வைத்துச் சுற்றிப் பார்க்கலாம். இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும்.

3. கழற்றினால் குடத்தின் விளிம்பு முழுக்கத் துரு. கடற்கரை ஊர் இல்லையா, உப்புக் காற்று. கம்பி பிரஷ் போட்டுக் குடத்தையும் சக்கரம் உட்காரும் முகத்தையும் பளிச்சென்று ஆக்கினோம். துருவோடு அளந்தால் அளவும் தப்பு, உட்காருவதும் கோணல்.

4. வெர்னியரில் குடத்தின் விட்டம் 54.1, சக்கரத்தின் துளை 73.1. அந்த இரண்டு எண்ணையும் சொல்லி நான்கு வளையம் வாங்கினோம். செலவு சில நூறு ரூபாய்தான். பிளாஸ்டிக்கிலும் உண்டு, அலுமினியத்திலும் உண்டு. சாதாரண ஓட்டத்துக்கு நல்ல பிளாஸ்டிக் போதும். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி பிரேக் பிடித்து இறங்குகிறவர் அலுமினியம் போடலாம். ஆனால் உப்புக் காற்றில் அலுமினியம் இரும்புக் குடத்தோடு ஒட்டிக்கொள்ளும். குடத்தின் விளிம்பில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். ஸ்டட் மரையில் படக்கூடாது.

5. வளையத்தைச் சக்கரத்தின் பின்பக்கத்தில் செருகி, குடத்தின் மேல் தள்ளினோம். சக்கரம் ஆடாமல் 'டக்'கென்று உட்கார வேண்டும். வளையம் இடித்துக்கொண்டு சக்கரத்தின் முகம் குடத்தின் முகத்தைத் தொடாமல் நின்றால் அந்த வளையம் வேண்டாம்.

6. நட்டுகளை முதலில் கையாலேயே, எதிர் எதிராக இறுக்கினோம். பிறகு சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே ஸ்பானரில் லேசாக. வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு. சின்ன கார்களில் இது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். காற்றுத் துப்பாக்கியில் ஒரே நட்டை முதலில் முழுக்க முறுக்கினால், கனத்தில் தொங்கும் சக்கரம் தொங்கிய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

7. மறுபடி கேஜ். இப்போது 0.2 மில்லிமீட்டர். சுமார் 80 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை நட்டுகளைச் சோதித்தோம்.

கன்னியாகுமரி சாலையில் 90ல் பிள்ளையார் அசையவில்லை :-)

இதைச் செய்யாதீர்கள்

டின் தகடு, செல்லோடேப் சுற்றி இடைவெளியை அடைக்காதீர்கள். வளையம் நடுவைக் காட்ட மட்டும்தான், வண்டியின் சுமையைத் தாங்குவது நட்டுகளின் அழுத்தத்தால் இரு முகங்களுக்கும் இடையே உண்டாகும் பிடிமானம். 98 மில்லிமீட்டர் வட்டச் சக்கரத்தை 100 குடத்தில் ஏற்றி, "முறுக்கினா உட்காந்துரும் சார்" என்று யாராவது சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். அதை வளையம் போட்டும் சரி செய்ய முடியாது. ஸ்டட் வளைந்து நாளாவட்டத்தில் முறியும். ஒரிஜினல் சக்கரத்தின் நட்டு அலாய்க்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். ஹோண்டா போன்ற சில கார்களின் ஒரிஜினல் நட்டு உருண்டை அடி, வெளிச்சந்தைச் சக்கரம் பெரும்பாலும் கூம்புக் குழி. உருண்டை கூம்பில் ஒரு கோட்டில்தான் தொடும்.

வளையம் போட்டும் ஆட்டம் போகவில்லையா? ரிம் வளைந்திருக்கலாம், டயருக்குள் கம்பி விட்டிருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். அதற்கு மேல் வீட்டு வேலை இல்லை, நல்ல மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

சட்டமும் கொஞ்சம்

ஜெர்மனியில் வெளிச்சந்தைச் சக்கரம் எந்தக் காருக்கு, எந்த வளையத்தோடு என்று ஒப்புதல் தாளிலேயே இருக்கும். ஜப்பானியத் தரத்தில் செய்த சக்கரத்தில் ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கும். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொன்னது. ஆகவே அலாய் போட்டாலும் கம்பெனி அந்த மாடலுக்குச் சொன்ன அளவுக்குள்ளேயே போடுங்கள். இன்னொன்று, தமிழ்நாட்டு நம்பர் வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கேரளப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது ஆய்வுக்கு வண்டியைக் காட்டும்போது சக்கரமும் கண்ணில் படும்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் எல்லோரும் குழந்தை குட்டிகளோடு ராத்திரியோடு ராத்திரியாக நானூறு, ஐந்நூறு கி.மீ. ஓட்டுகிறவர்கள். பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு சக்கரத்தைக் கழற்றி, நடுத்துளைக்கும் குடத்துக்கும் இடையே காற்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் வெர்னியர் எடுங்கள்.

எங்கள் பக்கத்தில் குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என்போம். உங்கள் ஊரில் இவற்றுக்கு வேறு பெயர் இருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். வண்டி செய்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பெயர்களாவது நம்மிடம் இருக்கட்டும்.